லேபலின் கடைசி வரி

கண்டியிலிருந்து ஒரு தாய் தொலைபேசி எடுத்தார். 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள், அஸருக்குப் பிந்திய நேரம். வாப்பா தறியில் இருந்தார். தறி ஓடும்போது அவருக்குத் தொலைபேசி மணி கேட்காது. ஆகவே எடுத்தது நான்.

“உங்கட வெப்சைட்ல முதலாவது போட்டோவில ஈக்கிற பச்சைச் சாரி, தங்கக் கரை போட்டது, மகள்ட கலியாணத்துக்கு வேணும்மா. எவ்வளவு வரும்?”

எங்கள் இணையத்தளத்தைப் பார்த்துவிட்டு வந்த முதல் அழைப்பு அது. இரண்டு மாதமாக நான் காத்திருந்த அழைப்பு. ஆனால் எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பச்சைச் சேலையை எங்கள் வீட்டில் யாரும் நெய்யவில்லை. அது சரிகை வைத்த பட்டுச் சேலை. எங்கள் தறிக்கொட்டிலில் பட்டு நூல் ஒரு கண்டுகூட இருந்ததில்லை. நாங்கள் நெய்வது பருத்திச் சாரன். யாராவது சொல்லி வைத்தால் பருத்திச் சேலையும் மேசை விரிப்பும். அவ்வளவுதான்.

“கொஞ்சம் இருங்க, வாப்பாட்ட கேட்டுட்டு எடுக்கிறன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று இரவு வரை நான் வாப்பாவிடம் கேட்கவில்லை.

கணினி விஷயம் என்று நினைத்துத் தோழிகள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் கணினி கொஞ்சம்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் மருதமுனை. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு வீதியில் பாண்டிருப்பைத் தாண்டினால் வருவது. மருதமுனைச் சாரன் என்றால் தெரியாதவர்கள் குறைவு. ஒரு காலத்தில் எங்கள் ஒழுங்கையில் நடந்தால் இரண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்கும் என்று உம்மம்மா சொல்வார். வாப்பாவுக்குத் தொழில் அவருடைய வாப்பாவிடமிருந்து வந்தது. 2004 சுனாமிக்கு முன்பு எங்களுக்கு நாலு தறி இருந்ததாம். கடல் வந்து போன பிறகு தென்னை மரத்தில் சாத்திக் கிடந்த ஒரு தறிச்சட்டம்தான் மிச்சம். அதைத் துடைத்து நிமிர்த்தி, பிறகு இன்னுமொன்று சேர்த்து, இப்போது இரண்டு. ஒன்றில் வாப்பா, மற்றதில் எங்கள் சாச்சி. உம்மா தார் சுற்றுவார், கணக்கு எழுதுவார், லேபல் தைப்பார். நான் பிறந்ததே சுனாமிக்குப் பிறகுதான். எனக்கு நாலு தறி என்பது உம்மம்மாவின் கதை மட்டும்.

2021இல் நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். அந்த வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு கிழமையில் நாடு முழுவதும் பயணத் தடை வந்தது. பெருநாளுக்கென்று கொழும்புக் கடைக்கு அனுப்பிய சாரன்களில் பாதிக்கு மேல் திரும்பி வந்தன. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய கடையும் பூட்டித்தான் கிடந்தது. சாரன்கள் எங்கள் கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்கு மேலே, மாச்சாக்கு வைக்கும் இடத்தில் என்று வீடு முழுவதும் அடுக்கப்பட்டன. உம்மா அவற்றுக்கிடையே வேப்பிலை வைத்தார்.

அந்த நேரத்தில்தான் நான் ஒரு யோசனை சொன்னேன். “வாப்பா, நாமளே ஒரு வெப்சைட் செஞ்சி நேர விப்பமே.”

வாப்பா சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. உம்மா அப்படித்தான், நான் சொல்வதை அவர் எப்போதும் பெரிதாக எடுத்துக்கொள்வார். என் புத்திசாலித்தனத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கைதான் இந்தக் கதையில் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் என்று சில நேரம் நினைப்பேன்.

முகநூலில் வந்த ஒரு விளம்பரத்திலிருந்து கொழும்பில் ஒருவரைப் பிடித்தேன். நல்ல தமிழ் பேசினார். என்னைத் தங்கச்சி என்றார், உம்மாவை மாமி என்றார். தான் செய்த நாலைந்து தளங்களின் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினார். எல்லாம் பளபளவென்று இருந்தன. 65,000 ரூபா என்றார். 35,000 முற்பணம், மிச்சம் வேலை முடிந்ததும், 10 நாளில் முடித்துத் தருவதாகச் சொன்னார்.

உம்மா 12 பேர் சேர்ந்த ஒரு சீட்டுப் பிடித்திருந்தார், மாதம் 5,000. அந்த மாதம் உம்மாவின் முறை. 60,000 ரூபா. அது தறிக்கொட்டிலின் கூரைத் தகரம் மாற்ற வைத்திருந்த காசு. கடற்காற்றில் தகரம் உக்கி, உள்ளே இருந்து பார்த்தால் பகலிலும் நட்சத்திரம் தெரியும். உம்மா ஒரு இரவு யோசித்தார். காலையில் “கூர மாரிக்கு முதல் போட்டாச் சரி, இத முதல்ல செய்வம்” என்றார். மீதி 5,000 ரூபாவை வாப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தந்தார்.

இங்கே வாப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தறிக்கு ஒரு ஆளை எடுப்பதென்றால் அவர் லேசில் எடுக்கமாட்டார். முதலில் நூலைக் கையில் கொடுத்து இழை முடியச் சொல்வார். முடிச்சைத் தடவிப் பார்ப்பார். பிறகு ஒரு முழம் நெய்ய விடுவார், கரை நேராக வருகிறதா என்று துணியை மடித்து வைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கூலி பேச்சு. அப்படிப்பட்ட மனிதர் முகம் தெரியாத ஒருவருக்கு 35,000 ரூபாவை வங்கியில் போட்டது, நடுவில் நான் இருந்ததால்தான். “ஒனக்கு வெளங்கும்தானே மகள்” என்றார். எனக்கு விளங்கும் என்றே நானும் நினைத்தேன். ஐ.சீ.டி. பாடத்தில் எனக்கு எப்போதும் 80க்கு மேல்.

10 நாள் என்றது 10 கிழமையாயிற்று. அது பெரிய விஷயமில்லை. இடையில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “கன்டென்ட் அனுப்புங்க தங்கச்சி.” கன்டென்ட் என்றால் என்னவென்று கேட்க வெட்கமாக இருந்தது. மூன்று வரி எழுதி அனுப்பினேன். நாங்கள் பரம்பரையாகக் கைத்தறி நெசவு செய்பவர்கள், எங்கள் சாரன்கள் தரமானவை, தொடர்புகொள்ளுங்கள். படம் கேட்டார். பயணத் தடை நேரம், வீட்டுக்குள் இருட்டில், கட்டில் விரிப்பின் மேல் சாரனைப் போட்டு எடுத்த ஆறு படங்களை அனுப்பினேன். அவற்றில் ஒன்றில் எங்கள் பூனையின் வாலும் இருந்தது.

ஓகஸ்ட் கடைசியில் தளம் திறந்தது. முதல் பக்கத்தில் ஐந்து பெரிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. ஐந்தும் எங்களுடையவை அல்ல. பட்டுச் சேலை, மலை, பனிமூட்டம், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் கை, ஒரு மின்தறி. என் ஆறு படங்களும் கடைசிப் பக்கத்தில் சின்னதாக இருந்தன. நான் பார்த்துவிட்டு, உண்மையைச் சொல்கிறேன், சந்தோஷப்பட்டேன். அழகாக இருந்தது. நான் அவரிடம் கேட்டதும் அதைத்தானே. “வடிவான வெப்சைட் ஒன்று வேணும்” என்றுதான் கேட்டேன். என்ன வேலைக்கு என்று கேட்கவில்லை.

கட்டாரில் இருக்கும் மாமாவுக்கு இணைப்பை அனுப்பினோம். அவர் திருப்பி ஒரு படம் அனுப்பினார். எங்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் சதுர அடைப்புகளும் கலந்து கிடந்தன. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, “இது எந்த நாட்டுப் பாசை மகள்?” என்று கேட்டார்.

அது பாமினி. நம் நாட்டில் தமிழ் தட்டச்சுச் செய்த எல்லோருக்கும் தெரிந்த எழுத்துரு. பத்திரிகை, பாடசாலை வினாத்தாள், கலியாணக் கார்ட் எல்லாம் அதில்தான் அடிப்பார்கள். பாமினியில் நாம் அடிப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளைத்தான். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுவது மட்டுமே அந்த எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் முகமூடி கழன்றுவிடும். யுனிகோட்டில் அடித்தால் தமிழுக்கென்றே தனி எண்கள் இருக்கும், எங்கே போனாலும் தமிழ் தமிழாகவே தெரியும், கூகிளில் தேடினாலும் அகப்படும். இதெல்லாம் எனக்கு உயர்தரத்தில் ரீச்சர் படிப்பித்த பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், எங்கள் கணினியில் சரியாகத் தெரிகிறது, மாமாவின் தொலைபேசியில் தெரியவில்லை என்பது மட்டும்தான். எங்கள் கணினியில் பாமினி இருந்தது, என்னுடைய பாடசாலை ஒப்படைகளுக்காக நானே இறக்கிப் போட்டது.

திருத்தித் தரச் சொன்னோம். முற்பணத்தோடு மிச்சக் காசையும் கொடுத்து முடித்த பிறகுதான் சொன்னோம் என்பதைக் கவனியுங்கள். ஒரு திருத்தத்துக்கு 2,500 ரூபா என்றார். ஒன்றுக்குக் கட்டினோம். பெயர் மட்டும் தமிழாயிற்று, மற்றதெல்லாம் அப்படியே.

அதே உற்சாகத்தில் நான் இன்னொரு வேலையும் செய்தேன். சாரனில் தைக்கும் லேபலில் வாப்பாவின் பெயர், ஊர், தொலைபேசி எண் மூன்று வரி இருக்கும். நாலாவது வரியாக இணையத்தள முகவரியைச் சேர்த்து 2,000 லேபல் அடிக்கக் கொடுத்தேன். அதிகமாக அடித்தால் விலை குறைவு என்று அச்சகத்தில் சொன்னார்கள்.

கண்டித் தாயின் அழைப்புக்கு வருகிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வாப்பாவிடம் சொன்னேன். அவர் தளத்தைத் திறக்கச் சொன்னார். அவருடைய தொலைபேசியில் அந்த ஐந்து படங்களும் ஏறி முடிய ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. பச்சைச் சேலை வந்ததும் விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். “நல்ல வேல” என்றார். கரையைப் பார்த்தார், முந்தானையைப் பார்த்தார். ஒரு நெசவுக்காரர் இன்னொரு நெசவுக்காரரின் வேலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு, “இத நெஞ்சவனுக்குத் தெரியுமா, இது நம்மட பேர்ல தொங்குது எண்டு?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் இல்லை.

அவரே கண்டிக்கு எடுத்தார். அது எங்கள் சேலை இல்லை, பிழை நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று சொன்னார். அந்தத் தாய் கோபிக்கவில்லை போலும். இரண்டு பேரும் நூல் விலை பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். வைத்த பிறகு வாப்பா என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் படத்தை எடுத்துவிடச் சொல்லி வடிவமைப்பாளருக்கு எழுதினேன். “சும்மா அழகுக்குப் போடுறதுதானே தங்கச்சி, எல்லாரும் போடுறாங்க” என்று பதில் வந்தது. எடுப்பதற்கு 2,500. உம்மா கட்டினார். எடுத்தார். இடையில் நவம்பர் வந்துவிட்டது. மாரி எங்களிடம் சொல்லிக்கொண்டா வரும்? ஒரு இரவு பெய்த மழையில் உக்கிய தகரம் வழியே தண்ணீர் நேராக வாப்பாவின் தறியில் இறங்கியது. புதிதாக ஏற்றிய 30 சாரனுக்கான பாவு. கஞ்சி போட்ட இழை நனைந்தால் ஒன்றோடொன்று ஒட்டும், சாயமும் கசியும். காலையில் நாங்கள் நாலு பேரும் ஒவ்வொரு இழையாகப் பிரித்தோம். 18 சாரனுக்குத் தேறியது. கூரையில் வாப்பா ஒரு கறுப்புப் பொலித்தீனை இழுத்துக் கட்டினார். “மாரிக்கு முதல் போட்டாச் சரி” என்று சொன்னதை உம்மாவும் ஞாபகப்படுத்தவில்லை, நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

2022 எப்படியிருந்தது என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. நூலும் சாயமும் வெளிநாட்டிலிருந்து வருபவை, விலையைக் கேட்டுவிட்டு வாப்பா கடையிலிருந்து வெறுங்கையோடு வந்த நாட்கள் உண்டு. ஒரே ஒரு ஆறுதல், கைத்தறிக்குக் கரண்ட் தேவையில்லை. வெளிச்சம் இருக்கும் வரை நெய்யலாம்.

ஜூலை மாதம் எங்கள் தளம் திறக்கவில்லை. முகவரி காலாவதி என்று ஒரு பக்கம் வந்தது. அப்போதுதான் நான் முதன்முறையாக உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஒரு வருஷம் முன்பே படித்திருக்க வேண்டிய பாடம்.

இணையத்தளம் என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் மூன்று பொருள். ஒன்று முகவரி, அதை ஒரு பதிவாளரிடம் வருஷக் கணக்கில் பதிய வேண்டும், பிறகு புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது, தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினி, அதற்கு வாடகை. மூன்றாவது அந்தக் கோப்புகள், அதாவது பக்கங்களும் படங்களும். காசு கொடுத்தால் மூன்றும் நமதாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். முகவரி யாருடைய கணக்கில் பதியப்பட்டதோ அவர்தான் அதைப் புதுப்பிக்கலாம், வேறிடத்துக்கு மாற்றலாம். மாற்றுவதற்கு ஒரு இரகசியக் குறியீடு இருக்கிறது, அதுவும் கணக்குக்காரருக்குத்தான் கிடைக்கும். எங்கள் முகவரி வடிவமைப்பாளரின் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய அட்டையில் பதியப்பட்டிருந்தது. அவர் எங்களை ஏமாற்ற அப்படிச் செய்தார் என்று நான் இன்றும் நினைக்கவில்லை. எங்களிடம் டொலரில் கட்டக்கூடிய அட்டை இல்லை, அவரிடம் இருந்தது. அவருக்கு அது லேசான வழி. யாருடைய பெயரில் என்று நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவருக்கு எழுதினேன். டொலர் ஏறிவிட்டது, புதுப்பிக்க 18,000 ஆகும் என்று ஒரு பதில் வந்தது. காசு புரட்ட இரண்டு கிழமை போயிற்று. தயாரானபோது அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. வட்ஸ்அப்பில் ஒற்றைச் சரி அடையாளம். பிறகு தெரிந்தவர் ஒருவர் மூலம் கேள்விப்பட்டோம், அவர் நாட்டை விட்டுப் போய்விட்டாராம். அந்த வருஷம் யார்தான் போகவில்லை? எங்கள் ஒழுங்கையிலேயே மூன்று பேர் போனார்கள்.

டொட்கொம் முகவரி காலாவதியானால் உடனே போய்விடாது. பதிவாளர் கொஞ்ச நாள் தவணை தருவார். அது கழிந்தால் 30 நாள் மீட்புக்காலம், அதில் மீட்கத் தண்டப்பணம் கூட. அதற்குப் பிறகு ஐந்து நாளில் முகவரி பொதுவில் விழும், யாரும் எடுக்கலாம். நான் நாட்காட்டியில் அந்த நாட்களை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தேன். காசு கையில் இருந்தும் கட்ட முடியாது, வாசல் வேறொருவர் பெயரில். பொதுவில் விழும் நாளில் நானே எடுத்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். அன்று எங்களுக்கு மின்வெட்டு. கரண்ட் வந்து பார்த்தபோது முகவரியை யாரோ எடுத்திருந்தார்கள். அங்கே எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு மொழியில் ஏதோ விளம்பரம். இப்படி விழும் முகவரிகளைப் பிடிப்பதற்கென்றே நிரல்கள் வைத்திருக்கிறார்களாம், கரண்ட் இருந்திருந்தாலும் நான் முந்தியிருக்க முடியாது. இதையும் பிறகுதான் படித்தேன்.

வாப்பாவிடம் எப்படி விளக்குவது என்று நெடுநேரம் யோசித்தேன். கடைசியில், “வளவு ஆரோ ஒருத்தர்ர பேர்ல இருந்திருக்கி வாப்பா. நாம அதுல ஊட்டக் கட்டிட்டம்” என்றேன். அவருக்கு உடனே விளங்கியது. பெண் பிள்ளைக்கு வீடு வளவு எழுதிக் கொடுக்கும் ஊர் எங்களுடையது. உறுதி பார்க்காமல் இங்கே யாரும் ஒரு செங்கல் வைக்கமாட்டார்கள்.

2023இல் மறுபடியும் செய்வோம் என்று சொன்னது நானில்லை. வாப்பா. நான் வேண்டாமென்றேன். அவர் விடவில்லை. “ஒரு பாவு நனஞ்சா தறிய வித்துட்டா போற?” என்றார்.

இந்த முறை சாய்ந்தமருதில் இருக்கும் ஒரு ராத்தாவைப் பிடித்தோம். எங்கள் கல்லூரியின் பழைய மாணவி, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு வீட்டிலிருந்து இந்த வேலை செய்பவர். பெயர் போட வேண்டாம் என்று சொன்னதால் போடவில்லை. அவர் வேலையை ஒப்புக்கொள்ள முதல், தறியைப் பார்க்க வேண்டுமென்று மூத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் வந்தார். கொட்டிலில் ஒரு முக்காலியில் அரை நாள் இருந்தார். யார் வாங்குகிறார்கள், எத்தனை முழம், கழுவினால் சாயம் போகுமா, ஒரு நாளைக்கு எத்தனை நெய்யலாம், ஒரே நேரத்தில் 20 பேர் கேட்டால் என்ன செய்வீர்கள். இதுவரை வாப்பாவிடம் இத்தனை கேள்வி கேட்டவர்கள் கிடையாது. அவர் முகத்தைப் பார்த்தால் பெருநாள் மாதிரி இருந்தது. இரண்டு சாரன்தான் ஒரு நாளைக்கு முடியும் என்று உண்மையைச் சொன்னார். “அப்ப ஒங்களுக்குப் பெரிய கடை மாதிரி வெப்சைட் என்னத்துக்கு? ஒரே பக்கம் போதும்” என்றார் ராத்தா. அட்டையில் காசு கட்டும் வசதியும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். வங்கியில் போட்டுவிட்டுச் சீட்டை அனுப்பினால் சாரனை அனுப்புவது, அவ்வளவுதான். தன் கூலியைத் தானே குறைத்துக்கொண்ட ஆளை அன்றுதான் பார்த்தேன்.

30,000 ரூபா. தொடங்க 10,000, பக்கத்தைக் கண்ணால் பார்த்ததும் 10,000, திறந்து ஒரு மாதம் ஓடிய பிறகு மிச்சம். அவர் ஒரு தாளில் எழுதத் தொடங்கியபோது வாப்பா தறியிலிருந்து எழும்பி வந்தார்.

“புள்ள, உறுதி ஆர்ர பேர்ல?”

ராத்தா என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். அவர் சிரித்துவிட்டு, “ஒங்கட பேர்ல வாப்பா. அடையாள அட்டையக் கொண்டு வாங்க” என்றார். எல்.கே. என்று முடியும் முகவரியைப் பதியும் இடம் இலங்கையிலேயே இருக்கிறது, ரூபாவில் கட்டலாம். ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரியும் இருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்கு அதுதான் வேண்டும்போல் இருந்தது. ஆனால் கொழும்பில் சாரன் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள், தொலைபேசியில் தமிழ் அடிக்கமாட்டார்கள் என்று வாப்பா சொன்னார். வாப்பாவுக்கு ஒரு மின்னஞ்சல் திறந்து கொடுத்தோம். அந்தக் கடவுச்சொல் உம்மாவின் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில், சீட்டுக் கணக்குக்குக் கீழே இருக்கிறது. அப்படி எழுதி வைக்கக் கூடாது என்று எங்கள் ஐ.சீ.டி. ரீச்சர் சொல்வார். உம்மா அழிக்க மாட்டேன் என்கிறார்.

படங்களை ராத்தாவின் தொலைபேசியிலேயே எடுத்தோம், காலை எட்டு மணிக்கு, முற்றத்தில், வெயில் நேரே படாத இடத்தில். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைக்கச் சொன்னார். தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால்தான் சாரனின் நிறமும் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தமாம். எங்கள் நாவல் நிறச் சாரன் முன்பு என் படங்களில் கறுப்பாக வந்ததன் இரகசியம் அது. ஒரு படத்தில் வாப்பாவின் கை மட்டும் நாடாவோடு இருக்கிறது. முகம் வேண்டாமென்றார் அவர். சொற்களை நானே யுனிகோட்டில் எழுதினேன். இந்த முறை மூன்று வரியல்ல. ஒவ்வொரு சாரனுக்கும் நீளம், அகலம், நூல், விலை. விலையைப் போட்டால் ஊருக்குள் மற்றவர்கள் பார்ப்பார்களே என்று வாப்பா கொஞ்சம் இழுத்தார். பிறகு, “பாக்கட்டும், அவங்கட விலையும் எனக்குத் தெரியும்தானே” என்றார்.

இப்போது மாதத்துக்கு ஏழு, எட்டு அழைப்புகள் வருகின்றன. சில மாதம் மூன்றுதான். கொழும்புக் கடையை விட முடியவில்லை, ஆனால் கடைக்காரர் தரும் விலைக்குத் தலையாட்டிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை கொஞ்சம் மாறியிருக்கிறது. கூரையில் மூன்று பக்கம் புதுத் தகரம். நாலாவது பக்கத்தில் இன்னும் அந்தக் கறுப்புப் பொலித்தீன்தான்.

பழைய லேபல் பெட்டி உம்மாவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாரன் தைக்கும்போது ஒவ்வொரு லேபலையும் எடுத்து, கத்தரிக்கோலால் நாலாவது வரியை நேராக வெட்டிவிட்டு, மூன்று வரியோடு மடித்துத் தைக்கிறார். வெட்டிய துண்டுகள் அவர் மடியில் விழும். போன கிழமை நான் பக்கத்தில் இருந்து தார் சுற்றிக்கொண்டிருந்தேன்.

“உம்மா, புது லேபல் அடிப்பமே. இப்ப புது முகவரியும் இரிக்கி” என்றேன்.

உம்மா பெட்டிக்குள் கையை விட்டு அளந்து பார்த்தார்.

“இன்னும் ஆயிரத்துச் சொச்சம் கிடக்கு. முடியட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த லேபலை எடுத்தார்.